சிறு செயலியின் விலை



ஒலியனைப் பற்றியும் உருபனைப் பற்றியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவன், திறன்பேசிச் செயலிக்கு விலை வைப்பதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்னும் வினா உங்களுள் எழக்கூடும். அதற்கு விடை எளிது. நான் கூறிய தவறான அறிவுரையால் ஒரு நல்ல தமிழ்ச் செயலி மறைந்துபோயிற்று. அந்தத் தவற்றை இன்னொருவர் செய்யக் கூடாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொண்டவர். வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் பயிற்றும் ஐபோன் செயலி ஒன்றை 2013ஆம் ஆண்டில் அவர் தம் ஓய்வு நேரத்தில் உருவாக்கினார். எடுத்துக்காட்டுகளைத் தொகுத்துத் திருத்திக் கொடுத்தவன் நான். "ஐயா, இரண்டு வெள்ளி விலை வைக்கலாமா?" என்று அவர் கேட்டார். "தமிழுக்குக் காசு வாங்கலாமா, தம்பி? இலவசமாகவே கொடுத்துவிடுங்கள்" என்றேன். அவரும் அவ்வாறே செய்தார். ஆசிரியர்கள் பாராட்டினார்கள், மாணவர்கள் பயன்படுத்தினார்கள்.

2017 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11 இயங்குதளத்தை வெளியிட்டது. பழைய 32 பிட் முறையில் எழுதப்பட்ட செயலிகள் அதில் இயங்கவில்லை. எங்கள் செயலியும் அவற்றுள் ஒன்று. அதை மீண்டும் இயங்கவைக்கச் சில வார இறுதிகள் தேவைப்பட்டன. மாணவருக்கோ அப்போது கைக்குழந்தை. அலுவலகத்தில் வேலைச் சுமை. "எப்போது சரியாகும்?" என்று பலர் கேட்டனர். அவ்வாறு கேட்கும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவருடைய உழைப்புக்கு நாங்கள் எதையும் கொடுத்திருக்கவில்லை. செயலி மீளவில்லை.

1. சொல்லும் பொருளும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு பணியைச் செய்வதற்காகத் திறன்பேசியில் நிறுவப்படும் மென்பொருளைச் செயலி என்கிறோம். எல்லார்க்கும் பொதுவாகாமல், குறிப்பிட்ட ஒரு சிறு குழுவினரின் குறிப்பிட்ட ஒரு தேவையை நிறைவு செய்யும் செயலியைக் குறுந்துறைச் செயலி எனலாம். நிறுவனப் பின்புலமோ முதலீட்டாளர் பணமோ இன்றித் தம் நேரத்தையும் அறிவையும் மட்டுமே முதலாக இட்டு அதனை ஆக்குபவரைத் தனிநிலை உருவாக்குநர் எனலாம்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10ஆம் நாள் ஏறத்தாழ 500 செயலிகளோடு திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு கருவிகளுக்கான கூகுளின் செயலிக்கடை திறந்தது. அதற்கு முன்னர், மென்பொருளை வட்டில் பதிந்து கடை கடையாகக் கொண்டு சென்றோரும் உண்டு. இக்கடைகள் அந்த அலைச்சலை நீக்கின. ஈசூனில் வீட்டு மேசையில் ஒருவர் எழுதும் செயலியை ஈப்போவில் ஒரு மாணவி அதே நாளில் பெற முடிகிறது. ஆனால், கடையில் இடம் கிடைப்பது வேறு. வாழ்வு கிடைப்பது வேறு.

2. துறையைக் குறுக்குதல்

தனி ஒருவர் ஆக்கும் செயலி, பெருநிறுவனம் தொடாத இடத்தில் நிற்க வேண்டும். அவ்விடம் மிகக் குறுகியதாக இருப்பது குறையன்று. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

'கீரைக் கடை' என எழுதினால் அது சந்தையில் உள்ள ஓர் இடம். 'கீரை கடை' என எழுதினால் அது சமையலறையில் பிறக்கும் ஏவல். முன்னது பெயரும் பெயரும் சேர்ந்த வேற்றுமைத் தொகை. அங்கே வல்லினம் மிகும். பின்னது 'கீரையைக் கடை' என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை, அங்கே மிகாது. இரண்டு சொற்களை மட்டும் பார்த்து எந்த இயந்திரமும் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே, எங்கள் செயலி மாணவரிடம் ஒரு வினா எழுப்பியது: 'இத்தொடரில் கடை என்பது பெயரா, வினையா?' விடையைத் தாமே கண்ட மாணவர் விதியையும் தாமே கண்டுகொண்டார். இத்தகைய நுட்பத்தைப் பல கோடிப் பேருக்குப் பொதுவான விசைப்பலகை ஒன்று கவனித்துக்கொண்டிருக்காது. தமிழாசிரியர் ஒருவரும் நிரலர் ஒருவரும் பக்கத்தில் அமர்ந்தால்தான் அது பிறக்கும்.

மற்றொரு நுட்பம்: 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன என்பதைத் தொடக்கநிலை மாணவரும் அறிவார். ஒருங்குறியிலோ அச்சொல் ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. எழுத்தெண்ணும் பயிற்சி ஒன்றை என் மாணவர் முதலில் எழுதியபோது, 'தமிழ்' என்பதற்கு ஐந்து என்று செயலி விடை கூறியது. தமிழின் எழுத்து வேறு, கணினியின் குறியீடு வேறு என்பதை அறிந்து திருத்திய பின்னரே கணக்குச் சரியாயிற்று. இவ்வகை அறிவே குறுந்துறை உருவாக்குநரின் உண்மையான முதல்.

தேவை இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? "இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். அது நாகரிகம் கருதிச் சொல்லும் விடை. அதற்கு மாறாக, "இச்சிக்கலை இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். பெற்றோர் பயிற்சி நூல் வாங்குகின்றனரா? ஆசிரியர் இரவில் அமர்ந்து பயிற்சித்தாள் தயாரிக்கிறாரா? மக்கள் ஏற்கெனவே காசோ காலமோ செலவழிக்கும் இடத்தில் தேவை உண்மையானது.

3. உரிமையும் ஒத்திகையும்

மொழிச் செயலியின் உயிர் அதன் தரவு. அத்தரவு யாருடையது என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். நன்னூல் விதி எல்லார்க்கும் பொதுச்சொத்து. ஆனால், அதற்கு அண்மையில் எழுதப்பட்ட விளக்கவுரை அவ்வாறன்று. சிங்கப்பூர்ச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை, பொதுவாக, ஆசிரியர் மறைந்த பின்னரும் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. தேர்வுத் தாள்களுக்கும் உரிமையாளர் உண்டு. அகராதியிலிருந்து பத்தாயிரம் சொற்களை எடுத்துக்கொண்டு, "தமிழ்ப்பணிதானே" என்று கூறுவது பணியாகாது. எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தாமே எழுதுவது மெதுவான வழிதான். எனினும் அதுவே பிற்காலத்தில் தலைவலி தராத வழி.

அடுத்தது ஒத்திகை. 2023 நவம்பர் 13ஆம் நாளுக்குப் பின்னர்த் தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்குவோருக்குக் கூகுள் நிறுவனம் ஒரு நிபந்தனை விதித்தது. செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் 20 பேர் அதனைத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்பது அது. பின்னர் 2024 இறுதியில் அவ்வெண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. இதனைச் சுமை எனக் கருதுவோர் உளர். என் அனுபவத்தில் அது வரமாயிற்று.

ஏனெனில், அதே மாணவர் 2024இல் மீண்டும் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, திரும்ப எழுதிப் பார்க்கலாமா? இந்த முறை விலையோடு" என்றார். நான் மறுக்கவில்லை. பன்னிரண்டு தமிழாசிரியர்களை ஒத்திகைக்கு அழைத்தோம். மாணவர் தவறிழைத்ததும் திரையில் 'தவறு' என்னும் சொல் சிவப்பில் தோன்றுமாறு அமைத்திருந்தோம். பின்தங்கிய மாணவர்கள் மூன்றாவது சிவப்பிலேயே செயலியை மூடிவிடுவதாக ஓர் ஆசிரியை சுட்டிக்காட்டினார். அச்சொல்லை நீக்கி, 'ஏன்?' என்னும் பொத்தானை வைத்தோம். அதைத் தொட்டால் விளக்கம் வரும். செயலியில் நாங்கள் செய்த திருத்தங்களுள் பெரும்பயன் விளைத்தது இதுவே.

செயலி என்ன தகவலைத் திரட்டுகிறது என்பதையும் இரு கடைகளும் அறிவிக்கச் சொல்கின்றன. மாணவர்க்கான செயலியாயின் இயன்றவரை எதையும் திரட்டாதிருப்பதே நன்று. திரட்டாத தகவல் கசியாது.

4. அறிமுகம்

நல்ல பொருள் தானே பரவும் என்று நம்பிக் காத்திருக்கலாகாது. குறுந்துறைச் செயலிக்கு விளம்பரத்தைக் காட்டிலும் காலமும் இடமும் முக்கியம். சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. தமிழைப் பற்றிய பேச்சு பள்ளிகளிலும் நூலகங்களிலும் மிகும் காலம் அது. 2025இல் எங்கள் செயலியை அம்மாதத்தில்தான் வெளியிட்டோம். ஆண்டிறுதித் தேர்வு முடிந்த நவம்பரில் வெளியிட்டிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயரிலும் கருத்துச் செலுத்த வேண்டும். அழகிய சங்கச் சொல்லைச் சூட்ட என் மனம் அவாவியது. மாணவரோ, தேடுவோர் எதைத் தட்டச்சு செய்வார்களோ அதுவே பெயரில் இருக்க வேண்டும் என்றார். இரு கடைகளிலும் பெயருக்கு 30 குறியீடுகளே இடம். நம் மாணவரிற் பலர் தமிழ்ச் சொல்லையும் உரோமன் எழுத்தில் தட்டித் தேடுகின்றனர். ஆகவே பெயரில் 'ஒற்று' என்பதும், விவரத்தில் அதன் உரோமன் வடிவமும் இடம்பெற்றன. மொழிப்பற்று இதனால் குறையவில்லை.

முதல் நூறு பயனர்கள் எண்ணிக்கையால் வந்தவர்கள் அல்லர், அறிமுகத்தால் வந்தவர்கள். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் பத்து நிமிடம் பயன்படுத்திக் காட்டியதே பெரிதும் உதவியது.

5. வருவாய் வழிகள்

சிறு செயலி வருவாய் ஈட்டும் வழிகள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது விளம்பரம். விளம்பரக் கட்டணம் ஆயிரம் காட்சிகளுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுவது. பயனர் இலக்கக்கணக்கில் இருந்தால்தான் அது பொருட்படுத்தத்தக்க தொகையாகும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். அவர்களுள்ளும் ஒற்றுப்பிழையைப் பற்றிக் கவலைப்படுவோர் எத்தனை பேர்? மேலும், சிறார்க்கான செயலிகளில் விளம்பரம் காட்ட ஆப்பிள் கடுமையான கட்டுப்பாடுகள் வைத்துள்ளது. ஆகவே, இவ்வழி நமக்குப் பொருந்தாது.

இரண்டாவது ஒருமுறைக் கட்டணம். மூன்றாவது மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் செலுத்தும் சந்தா. இவ்விரண்டில் எது தக்கது என்பதைப் பயனரின் இயல்பு முடிவு செய்யும். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஓரிரு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுச் சென்றுவிடுவார். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய வகுப்பு வந்து சேரும். புதியவர் வந்துகொண்டே இருப்பதால் ஒருமுறைக் கட்டணம் போதும். அகராதியின் நிலை வேறு. அதை வாங்கியவர் வாழ்நாள் முழுதும் பயன்படுத்துவார். வாங்கக்கூடியோர் அனைவரும் வாங்கியபின் வருவாய் நின்றுவிடும். பராமரிப்புச் செலவோ நிற்காது.

இதற்குச் சீன மொழி கற்போரிடையே புகழ்பெற்ற பிளெக்கோ அகராதி நல்ல சான்று. மைக்கேல் லவ் என்பவர் 2000ஆம் ஆண்டில், திறன்பேசிகள் பரவாத காலத்தில், பாம் கையடக்கக் கருவிக்காக அதைத் தொடங்கினார். பின்னர் ஐபோனுக்கு வந்தபோது அடிப்படை அகராதி இலவசமாயிற்று. பதிப்பகங்களிடம் முறையாக உரிமம் பெற்ற பேரகராதிகளும் கூடுதல் வசதிகளும் தனித்தனியே விற்கப்பட்டன. சொல்லுக்குப் பொருள் தேடுவோர் காசின்றித் தேடலாம். ஆழ்ந்து பயில்வோர் தமக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம். கால் நூற்றாண்டாக அது நிலைத்திருப்பதற்கு இம்முறை ஒரு காரணம்.

நான்காவது, நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குதல். ஒரு மாணவர் வாங்குவதற்குப் பதிலாகப் பள்ளியே தன் மாணவர் அனைவர்க்கும் வாங்குவது இவ்வகை. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். நிறுவனங்களை நோக்கிய பாதைக்கு நம் வட்டாரத்திலேயே முன்னோடி உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு மென்பொருள் பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்தது. 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் செல்லினம் அறிமுகம் கண்டது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு இன்று மேக் கணினியின் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. தனி மனிதர் ஒருவரின் முயற்சி தனிப் பயனரோடு நில்லாமல் பெருநிறுவனங்களின் கருவிகளுக்குள்ளும் இடம்பெற முடியும் என்பதை இது காட்டுகிறது.

6. ஓர் எளிய கணக்கு

மாணவர்களே, இனி எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். செயலியின் விலை 5 வெள்ளி என்போம். இதில் 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி அடங்கியுள்ளது. வரி போக எஞ்சுவது ஏறத்தாழ 4 வெள்ளி 59 காசு. ஆண்டு வருவாய் 10 இலட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டாத உருவாக்குநரிடம் ஆப்பிள் தன் சிறுதொழில் திட்டத்தின்கீழ் 30 விழுக்காட்டுக்குப் பதிலாக 15 விழுக்காடு தரகு பெறுகிறது. இத்திட்டம் 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. ஆயினும் நாமே விண்ணப்பித்துச் சேர வேண்டும். தரகும் போக உருவாக்குநர் கைக்கு வருவது 3 வெள்ளி 90 காசு.

ஆப்பிளுக்குச் செலுத்தும் உருவாக்குநர் கட்டணம் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். அதனை 130 வெள்ளி எனக் கொள்வோம். கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர்தான் என்பதால் அதை விட்டுவிடுவோம். 130 வெள்ளியை ஈடுகட்ட 34 பேர் வாங்க வேண்டும். இத்தோடு கணக்கை முடித்துவிடுவதே பலர் செய்யும் பிழை. பராமரிப்புக்கு மாதம் நான்கு மணி நேரம் தேவை என்றும், ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு 25 வெள்ளி என்றும் கொண்டால் ஆண்டுக்கு 1,200 வெள்ளி. ஆக மொத்தம் 1,330 வெள்ளி. இதற்கு ஆண்டுதோறும் 342 பேர் வாங்க வேண்டும்.

342 என்பது பெரிய எண்ணன்று. ஆனால் தானே வந்துசேரும் எண்ணும் அன்று. சில பள்ளிகள் மனம் வைத்தால் நிறைவேறும். எவரும் மனம் வைக்காவிட்டால், அந்த 1,200 வெள்ளியை ஓர் இளைஞர் ஆண்டுதோறும் தம் குடும்பத்தின் நேரத்திலிருந்து எடுத்துத் தருகிறார் என்பது பொருள். 'இலவசம்' என்று நாம் சொல்வது, அவர் செலுத்துகிறார் என்பதற்கு மறுபெயர்.

7. தமிழுக்குக் காசா?

எனினும் அன்று நான் கேட்ட வினாவில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு வெள்ளியும் இல்லாத மாணவர் என்ன செய்வார்? இலக்கணத்தைப் பூட்டி வைக்கலாமா? இதனை எண்ணியே புதிய செயலியில் ஒரு வரம்பு வகுத்தோம். விதிகள், விளக்கங்கள், எடுத்துக்காட்டுகள் ஆகியன என்றும் இலவசம். பயிற்சித் தொகுதிகளுக்கு மட்டுமே கட்டணம். விதி எவர்க்கும் சொந்தமன்று. அதனைப் பயிற்றும் உழைப்பு ஒருவர்க்குச் சொந்தம். வசதியற்ற மாணவரின் பெயரை ஆசிரியர் சொன்னால் அவருக்குத் தொகுதியும் இலவசமாகத் திறக்கப்படும்.

மொழிப்பணிக்கு எக்காலத்திலும் செலவு இருந்திருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்குத் தொடக்கத்தில் 1 இலட்சம் ரூபாய் செலவாகும் என மதிப்பிட்டார்கள். முடிந்தபோது ஏறத்தாழ 4 இலட்சம் ஆகியிருந்தது. அச்செலவை ஒருவர் ஏற்றதனால்தான் இன்றும் நாம் அதனைப் புரட்டுகிறோம். அச்சிட்ட நூல் அலமாரியில் நூறாண்டு நிற்கும். செயலியோ ஆண்டுதோறும் மாறும் இயங்குதளத்தில் வாழ்வது. கைவிட்டால் சில ஆண்டுகளில் மறைவது. ஆகவே, நூலுக்கு ஒருமுறை கொடுத்ததைக் காட்டிலும் செயலிக்கு நாம் தொடர்ந்து கொடுக்க வேண்டியுள்ளது.

8. நிறைவாக

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்ச் செயலி ஒன்று உங்கள் வகுப்புக்கு உதவினால் பாராட்டோடு நின்றுவிடாதீர்கள். பள்ளியின் வழியே வாங்க இயலுமா என்று கேளுங்கள்; பிழை கண்டால் உருவாக்குநருக்கு எழுதுங்கள். மாணவர்களிடமும் ஒன்று கூறுவேன். நிரலாக்கம் பயில்வோர், உலகம் முழுவதற்குமான செயலியைக் கனவு காண்பதற்கு முன், உங்கள் தமிழ் வகுப்பில் மீண்டும் மீண்டும் நிகழும் ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தீர்ப்பதற்கு ஒரு விலை சொல்லக் கூசாதீர்கள்.

எங்கள் புதிய செயலி 342 பேரை இன்னும் எட்டவில்லை. 34 பேரைத் தாண்டிவிட்டது. சென்ற மாதம் இயங்குதளப் புதுப்பிப்பு ஒன்று வந்தபோது ஒரு பயிற்சியில் எழுத்துகள் சிதறித் தெரிந்தன. செய்தியை மாணவருக்கு அனுப்பினேன். "இந்த வாரமே திருத்திவிடுகிறேன், ஐயா. காசு வாங்கியிருக்கிறோமே" என்று விடையளித்தார். சொன்னபடி மூன்றாம் நாள் அது சரியாயிற்று.